சாஃப்ரன் வால்டன் சந்தைக்குச் சைக்கிளில்: அக்டோபர் சனிக்கிழமைக்கு நான் சிபாரிசு செய்யும் பாதை

கேம்பிரிட்ஜிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும், போகிற இடம் பழைய ஊராக இருக்க வேண்டும், அங்கே சாப்பிட நல்லதாக ஏதாவது கிடைக்க வேண்டும், வழி முழுக்க லாரிக்குப் பயந்துகொண்டே ஓட்டக் கூடாது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் சாஃப்ரன் வால்டன்தான். எசெக்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. போவதற்குச் சரியான நாள் அக்டோபர் மாதச் சனிக்கிழமை. கோடையில் போனாலும் ஊர் அழகுதான், ஆனால் அந்த ஊர் எதற்காக அங்கே இருக்கிறது என்பது அறுவடை முடிந்த பிறகுதான் புரியும்.

மற்ற ஊர்களுக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஈலியின் பேராலயம் தூரத்திலிருந்தே தெரிந்து நம்மை இழுத்துக்கொண்டே போகும், ஆனால் ஃபென் சமவெளியில் காற்றைத் தடுக்க எதுவுமே கிடையாது, இலையுதிர்காலக் காற்று எதிரே வந்தால் மிதித்து மாளாது. செயின்ட் ஐவ்ஸுக்குப் பஸ் தடத்தை ஒட்டியே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகளோடு போக அதைவிடப் பாதுகாப்பான வழி இந்தப் பக்கம் இல்லை, ஆனால் நேராகப் போய்க்கொண்டே இருக்கும், ஒரு கிராமத்துக்குள்ளும் நுழையாது, மழை அதிகமானால் ஊஸ் ஆற்றுத் தண்ணீர் பாதையிலேயே வந்து நிற்கும். பரி செயின்ட் எட்மண்ட்ஸ் அருமையான ஊர், ஆனால் தூரம் அதிகம், பகல் குறுகும் மாதத்தில் போகவும் வரவும் ஓட்டினால் ஊரைப் பார்க்க நேரமே மிஞ்சாது. சாஃப்ரன் வால்டன் ஒரு பக்கம் முப்பது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். வேகம் பார்க்காமல் ஓட்டினால், நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பதையும் சேர்த்து, இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதையின் பெரிய பலம் ரயில். கிரேட் ஷெல்ஃபோர்ட், விட்டில்ஸ்ஃபோர்ட் பார்க்வே, கிரேட் செஸ்டர்ஃபோர்ட், ஆட்லி எண்ட், நியூபோர்ட் என்று வரிசையாக நிலையங்கள், எல்லாமே லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடுவே ஓடும் ஒரே தடத்தில். நாம் ஓட்டும் சாலையும் அந்தத் தடத்தை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. மழை பிடித்துக்கொண்டதா, கால் வலிக்கிறதா, டியூப் கிழிந்துவிட்டதா, பக்கத்து நிலையத்துக்கு உருட்டிக்கொண்டு போய்விடலாம். லண்டனில் இருப்பவர்கள் ஆட்லி எண்ட் வரை ரயிலில் வந்து அங்கிருந்து ஓட்டத் தொடங்கலாம், சுமார் ஒரு மணி நேரப் பயணம். வாரநாட்களில் காலை மாலை நெரிசல் நேரத்து லண்டன் ரயில்களில் மடிக்காத சைக்கிளை ஏற்றவிட மாட்டார்கள். சந்தை கூடுவது செவ்வாயும் சனியும், அதனால் சனிக்கிழமைதான் தொல்லை இல்லாத நாள். சாஃப்ரன் வால்டன் ஊருக்குள்ளேயே முன்பு ஒரு நிலையம் இருந்தது. அந்தக் கிளைத்தடத்தை 1964இல் மூடிவிட்டார்கள், அதனால் இப்போது ஆட்லி எண்ட் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் போல ஓட்டித்தான் ஊருக்குள் வர வேண்டும்.

பாதை எப்படி என்று சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து பஸ் தடத்தை ஒட்டிய சைக்கிள் பாதையில் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனை வரை போனால், அங்கிருந்து கிரேட் ஷெல்ஃபோர்ட் வரை ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே ஒரு தார்ப்பாதை. தேசிய சைக்கிள் பாதைகளில் 11ஆம் எண். தரையில் நான்கு நிறங்களில் சின்னச் சின்னப் பட்டைகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள், மொத்தம் 10,257. மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ2 என்ற மரபணுவின் எழுத்து வரிசை அது, ஒரு எழுத்துக்கு ஒரு பட்டை. நாட்டின் சைக்கிள் பாதை வலையமைப்பு 10,000 மைலைத் தொட்டதைக் கொண்டாட 2005இல் இதைத் திறந்தார்கள். முதல் தடவை ஓட்டுகிறவர்கள் வேகமாகப் போய்விடாதீர்கள். மெதுவாக ஓட்டினால் பட்டைகள் சக்கரத்துக்கடியில் ஒவ்வொன்றாக வந்து போகும், இவ்வளவு ஓட்டியும் ஒரே ஒரு மரபணுதானா என்று வியப்பாக இருக்கும். இன்னும் கொஞ்ச தூரத்தில், ஹிங்ஸ்டன் கிராமத்துக்குப் பக்கத்தில், மனித மரபணுத்தொகுதியில் மூன்றில் ஒரு பங்கை வரிசைப்படுத்திய சாங்கர் நிறுவனம் இருக்கிறது. பிஆர்சிஏ2வைக் கண்டுபிடிப்பதில் பங்கெடுத்த அந்த இடத்தை நோக்கியே பாதை போகிறது.

ஷெல்ஃபோர்டைத் தாண்டியதும் லிட்டில் ஷெல்ஃபோர்ட், விட்டில்ஸ்ஃபோர்ட் வழியாக கிராமத்துச் சாலைகள். விட்டில்ஸ்ஃபோர்ட் நிலையத்துக்குப் பக்கத்தில், பழைய விடுதி ஒன்றை ஒட்டி, டக்ஸ்ஃபோர்ட் சேப்பல் என்று 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம் தனியாக நிற்கும். வழிப்போக்கர்களுக்கான மருத்துவ மடத்தோடு சேர்ந்த கோயில் அது. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். அதற்கு அடுத்ததுதான் வழியிலேயே மோசமான இடம்: ஏ505 நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். வண்டிகள் நிற்காமல் பறக்கும். அவசரப்படாமல் இறங்கி, உருட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள். அதற்கப்புறம் டக்ஸ்ஃபோர்ட், இக்கிள்டன், கிரேட் செஸ்டர்ஃபோர்ட் என்று ஒரு கிராமம் முடிவதற்குள் அடுத்த கிராமத்தின் கோபுரம் தெரிந்துவிடும். 11ஆம் எண் பலகையை மட்டும் நம்பிப் போகாமல் போனில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இக்கிள்டனில் தேவாலயம் திறந்திருந்தால் கட்டாயம் உள்ளே போங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இந்தப் பக்கத்து மற்றக் கோயில்களைப் போலத்தான் இருக்கும். 1979இல் அங்கே தீப்பிடித்தது, அதன்பிறகு சுவர்களைச் சுத்தம் செய்யும்போது வெள்ளைப்பூச்சுக்குக் கீழே 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருந்தது தெரியவந்தது. காவிநிறக் கோடுகளில், கிறிஸ்துவின் கடைசி நாட்கள். நெருப்பு வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அவை பூச்சுக்குள்ளேயே கிடந்திருக்கும். ஓவியங்களைத் தாங்கும் வளைவுகளுக்குக் கீழே உள்ள தூண்களில் சில ரோமானியர் காலத்துக் கற்கள். பக்கத்துக் கிரேட் செஸ்டர்ஃபோர்டில் ரோமானிய நகரம் இருந்த இடம் இது என்பதால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் சைக்கிள் கையுறையைக் கழற்றிவிட்டு அந்தத் தூணைத் தொட்டபோது எனக்குக் கொஞ்ச நேரம் கிளம்பவே மனம் வரவில்லை.

கிரேட் செஸ்டர்ஃபோர்டிலிருந்து ஊருக்கு இரண்டு வழி. பி184 குறுக்குவழி, ஆனால் விண்ட்மில் ஹில் மேட்டில் ஏறி இறங்க வேண்டும், கார்களும் வேகமாக வரும், எனக்குப் பிடிக்காது. பி1383 சாலையில் கேம் ஆற்றை ஒட்டி லிட்டில்பரி வழியாக வாருங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதல்தான், ஏற்றமே இல்லை. லிட்டில்பரி என்றால் எனக்கு ஹென்றி வின்ஸ்டான்லி ஞாபகம்தான். 1644இல் சாஃப்ரன் வால்டனில் பிறந்தவர், லிட்டில்பரியில் வாழ்ந்தவர். நடுக்கடலில் எடிஸ்டோன் பாறை மேல் முதல் கலங்கரை விளக்கத்தைக் கட்டியது இவர்தான், 1698இல் விளக்கேற்றினார். 1703 நவம்பரில் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட பெரும்புயல் வந்த இரவில் அவரும் அந்த விளக்கத்துக்குள்தான் இருந்தார், காலையில் விளக்கமும் இல்லை, அவரும் இல்லை. கடலே தெரியாத இந்த வயல்காட்டுக் கிராமத்திலிருந்து ஒருவர் கிளம்பிப் போய் அதைச் செய்திருக்கிறார்.

லிட்டில்பரி தாண்டியதும் இடதுபக்கம் ஆட்லி எண்ட் மாளிகை. சாலையிலிருந்தே முழுசாகத் தெரியும், நடுவில் புல்வெளியும் ஆறும். முதலாம் ஜேம்ஸின் பொருளாளராக இருந்த தாமஸ் ஹோவர்ட் கட்டியது. அரசரே இதைப் பார்த்துவிட்டு, ராஜாவுக்கு இது பெரிசு, பொருளாளருக்கு வேண்டுமானால் சரியாக இருக்கும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. பிறகு 1668இல் இரண்டாம் சார்லஸ் நியூமார்க்கெட் குதிரைப் பந்தயங்களுக்கு வசதியாக இருக்கும் என்று இதையே வாங்கினார். அடுத்த நூற்றாண்டில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள், நாம் பார்ப்பது மிச்சம்தான். அந்த மிச்சமே இவ்வளவு. என்னோடு வந்த தம்பி ஒருவன், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவன், இங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு "அண்ணே, சந்தையெல்லாம் அப்புறம், இங்கேயே உக்காந்துடலாமா?" என்று கேட்டான். தப்பில்லை. மரங்கள் மஞ்சளும் செம்பழுப்புமாக மாறி, அவற்றின் பின்னால் இளம் சாம்பல் கல்லில் மாளிகை நிற்பது அக்டோபரில் மட்டும் கிடைக்கிற காட்சி.

உள்ளே போவதா வேண்டாமா என்றால், சைக்கிளில் வரும் நாளில் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சுவர் சூழ்ந்த காய்கறித் தோட்டம், ராபர்ட் ஆடம் அமைத்த அறைகள், இரண்டாம் உலகப் போரில் இங்கே பயிற்சி பெற்றுப் போலந்துக்குப் பாராசூட்டில் இறங்கி உயிர்விட்ட 108 பேருக்கான நினைவுச்சின்னம், எல்லாமே நிதானமாகப் பார்க்க வேண்டியவை, மூன்று மணி நேரம் ஓடிவிடும். கட்டணமும் உண்டு. சந்தையையும் மாளிகையையும் ஒரே நாளில் அடைத்தால் இரண்டையும் அரைகுறையாகப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். மாளிகைக்கு இன்னொரு நாள் வாருங்கள். சாலையிலிருந்து பார்த்துவிட்டு, கல்பாலத்தைத் தாண்டி, ஆட்லி எண்ட் குக்கிராமத்தில் வெள்ளை வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஊருக்கு ஓட்டுங்கள்.

இப்போது ஊர். சாஃப்ரன் வால்டனுக்குச் சந்தை வந்தது 1141இல். அதற்கு முன் பக்கத்து நியூபோர்ட்டில்தான் சந்தை கூடியது. இங்கே கோட்டை கட்டிக்கொண்டிருந்த ஜெஃப்ரி டி மாண்டெவில் என்ற பிரபு, அரியணைக்காக அன்று போராடிக்கொண்டிருந்த பேரரசி மட்டில்டாவிடம் சாசனம் வாங்கி, சந்தையைத் தன் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். நியூபோர்ட் அதன்பிறகு பெரிய கிராமமாகவே நின்றுவிட்டது, வால்டன் நகரமானது. சந்தை எங்கே போகிறதோ அங்கேதான் பணமும் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சந்தைச் சதுக்கத்தை ஒட்டி 'த ரோஸ்' என்ற குறுகிய சந்துகள் இருக்கின்றன, புச்சர் ரோ, மார்க்கெட் ரோ என்று பெயர்ப்பலகையே இருக்கும். முதலில் தற்காலிகக் கடைகளாகப் போட்ட வரிசைகள், பிறகு நிரந்தரக் கட்டடங்களாகிவிட்டன. வரிசை மட்டும் மாறவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போனால் கைப்பிடி இரண்டு பக்கமும் இடிக்கும் போல இருக்கும். சனிக்கிழமை இந்தச் சந்துகளில் ஓட்டவே முயலாதீர்கள், சதுக்கத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எங்காவது பூட்டிவிட்டு நடந்து வந்துவிடுங்கள்.

சந்தை பெரியதில்லை. பொள்ளாச்சிச் சந்தையை நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். காய்கறி, மீன், ரொட்டி, பாலாடைக்கட்டி, பூச்செடிகள், கொஞ்சம் துணிமணி, சமைத்த உணவு விற்கும் சில கடைகள், அவ்வளவுதான். ஆனால் அக்டோபரில் ஆப்பிள் இருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் வருஷம் முழுக்கக் கிடைக்கிற பளபளப்பான ஆப்பிளை மறந்துவிடுங்கள். எக்ரிமாண்ட் ரஸட் என்று ஒன்று, தோல் பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும், பார்த்தால் பழசு என்று நினைத்து ஒதுக்கிவிடுவோம். கடைக்காரர் சின்னக் கத்தியால் ஒரு கீற்று வெட்டிக் கொடுத்தார். சாறு குறைவு, இனிப்புக்குப் பின்னாலேயே ஏதோ கொட்டைப்பருப்பின் ருசி வந்தது. பாலாடைக்கட்டியோடு சேர்த்துச் சாப்பிடுங்கள் என்றார், அவர் சொன்னது சரிதான். எசெக்ஸுக்கே உரிய டார்சி ஸ்பைஸ் என்ற வகை இன்னும் தாமதமாகத்தான் வரும். நவம்பர் 5, கை ஃபாக்ஸ் நாளன்று பறிப்பது பழைய வழக்கம், பறித்த பிறகும் சில வாரம் வைத்திருந்தால்தான் ருசி ஏறும். நவம்பரில் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். சைக்கிளில் போகிறோம் என்பதால் வாங்குகிற ஒவ்வொரு பழத்தையும் யோசித்துத்தான் வாங்க வேண்டும், பின்பக்கப் பையில் ஒரு பக்கம் இரண்டு கிலோ ஏற்றினால் இன்னொரு பக்கமும் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் உண்டு. சதுக்கத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கஃபேயில் ஓரம் ஆறிப்போன சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சூடாக்கித் தரச் சொன்னதற்கு முகத்தைச் சுளித்தார்கள். பெயர் வேண்டாம். அதன்பிறகு நான் சந்தையிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வாங்கி, பிரிட்ஜ் எண்ட் தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறேன். சைவக்காரர்களுக்கும் அதுவே நிம்மதி. வழியில் கிராமத்துப் பப்களில் சாப்பிடலாம் என்று நினைத்தால், மதியம் இரண்டு மணி வாக்கில் சமையலறையை மூடிவிடும் இடங்கள் உண்டு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரில் இருக்கும் 'சாஃப்ரன்' குங்குமப்பூதான், அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரை முடிக்க முடியாது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஊரைச் சுற்றிய வயல்களில் அது பயிரானது. சாயத்துக்கும் மருந்துக்கும் சமையலுக்கும் விற்றார்கள், பயிரிட்டவர்களை குரோக்கர்கள் என்று அழைத்தார்கள். அந்தச் செடி இலையுதிர்காலத்தில்தான் பூக்கும். காஷ்மீரத்தின் பாம்பூரில் பூப்பறிக்கும் அதே அக்டோபர்-நவம்பர். ஒரு பூவுக்கு மூன்றே இழை, ஒரு கிராம் உலர்ந்த இழை சேர்க்க நூற்றைம்பது பூ போல வேண்டும், விதை பிடிக்காது, கிழங்கைத் தோண்டிப் பிரித்துத்தான் மறுபடி நட வேண்டும். நம் வீட்டில் கர்ப்பிணிகளுக்குப் பாலில் போட்டுக் கொடுக்கிற அந்தச் சின்ன டப்பா ஏன் அந்த விலை விற்கிறது என்பது இதை நினைத்தால் விளங்கும். குளிரில் குனிந்து, பூ விரிவதற்கு முன் பறித்து, அன்றைக்கே இழையைப் பிரித்து உலர்த்த வேண்டும். அப்படி ஒரு உழைப்பு இந்தத் தூறல் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது நின்றுபோய், பார்லியும் மால்ட்டும் ஊரைக் காப்பாற்றின. எசெக்ஸில் இப்போது சிறு அளவில் மறுபடி பயிரிடுகிறார்கள், ஆனால் ஊதா வயல்களைப் பார்க்கலாம் என்று கிளம்பாதீர்கள், அப்படி எதுவும் வழியில் இல்லை. தேவாலயத்துக்குள் கல்லில் செதுக்கிய குங்குமப்பூக்களைத் தேடிப் பாருங்கள்.

அந்த செயின்ட் மேரி தேவாலயம் எசெக்ஸின் பங்குக் கோயில்களில் மிகப் பெரியது. கேம்பிரிட்ஜ்காரர்களுக்குக் கூடுதல் காரணம் ஒன்று: கிங்ஸ் கல்லூரிச் சேப்பலின் விசிறி விதானத்தை அமைத்த தலைமைச் சிற்பி ஜான் வாஸ்டெல் இங்கேயும் வேலை செய்திருக்கிறார். உயரமான ஜன்னல்கள், மெலிந்த தூண்கள், உள்ளே நிறைந்து வழியும் வெளிச்சம் எல்லாம் பார்த்த மாதிரி இருக்கும். கூரான கோபுரம் மட்டும் பிறகு 1832இல் வைத்தது, 193 அடி. திரும்பி வரும்போது ரொம்ப தூரம் வரை பின்னால் தெரிந்துகொண்டே இருக்கும்.

தேவாலயத்திலிருந்து சர்ச் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் ஓல்ட் சன் இன். என்னைக் கேட்டால் ஊரிலேயே சிறந்தது இதுதான். மரச்சட்டக் கட்டடம், மேல் மாடி தெருப்பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், வெளிச்சுவர் முழுக்கச் சுதைவேலை. சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே கையாலும் அச்சாலும் புடைப்பாக எழுப்பிய இலைகளும் பழங்களும் பறவைகளும். வண்டி நுழையும் வாசலுக்கு மேலே இரண்டு ஆட்கள் ஆயுதத்தோடு எதிரெதிரே நிற்பார்கள். டாம் ஹிக்காத்ரிஃப்ட் என்ற நாட்டுப்புறக் கதைவீரனும் அவன் வீழ்த்திய விஸ்பெக் அரக்கனும் என்பார்கள். 1676 என்று வருஷமும் போட்டிருக்கும். மதியத்துக்கு மேல் சூரியன் தாழ இறங்கி வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள், காலையில் தட்டையாகத் தெரிந்த சுவரில் ஒவ்வொரு இலைக்கும் நிழல் விழுந்திருக்கும். அக்டோபரில் மூன்று மணிக்கே அந்த வெளிச்சம் கிடைக்கிறது, ஜூனில் அதற்கு எத்தனை மணி வரை காத்திருப்பது!

அப்புறம் காமன் மைதானத்தில் புல்தரையில் வெட்டிய சுழல்வழி. பழைய பதிவு 1699இல், அப்போதே மறுபடி வெட்டிச் சீராக்கியதற்குப் பணம் கொடுத்த கணக்கு. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் புல் சுழல்வழிகளில் மிகப் பெரியது. தர்மபுரிப் பக்கம் கம்பைநல்லூரில் கற்களை அடுக்கி வைத்த ஏழு சுற்றுக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும், அதே போல ஒற்றை வழிதான், தொலைந்துபோக முடியாது. செங்கல் பதித்த தடத்தில் நடந்தால் நடுவுக்குப் போய்ச் சேரச் சுமார் ஒரு மைல். பொறுமை இருந்தால் நடங்கள், பிள்ளைகள் ஓடியே முடித்துவிடுவார்கள். ஈர இலை விழுந்த செங்கல் வழுக்கும், சைக்கிள் ஷூவோடு நடப்பவர்கள் பார்த்து.

ஃப்ரை கலைக்கூடமும் பிரிட்ஜ் எண்ட் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான், கிரேட் பார்ட்ஃபீல்ட் பக்கத்து ஓவியர்களான எட்வர்ட் பாடன், எரிக் ரவிலியஸ் ஆகியோரின் படைப்புகள் அங்கே. எல்லா மாதமும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுப் போங்கள்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, ஏனென்றால் இலையுதிர்காலச் சாலை வேறு மாதிரி. முதல் எதிரி முள். பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் வேலிகளை ஆகஸ்ட் முடியும் வரை வெட்டக் கூடாது, செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் இயந்திரத்தை மாட்டி எல்லா வேலியையும் ஒரேயடியாக வெட்டித் தள்ளுவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்களெல்லாம் சாலையில். மெல்லிய டயரைத் துளைத்துவிட்டு உள்ளேயே ஒடிந்து நிற்கும், டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்காவிட்டால் புது டியூபும் போய்விடும். 32 மில்லிமீட்டருக்குக் குறையாத, பஞ்சர் தாங்கும் டயர், இரண்டு டியூப், பம்ப். இது இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

இரண்டாவது சேறு. சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு (சுகர் பீட்) அறுவடை நடக்கும் மாதங்கள் இவை. வயலோரம் கிழங்கை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஆலைக்குப் போக லாரி வரும், டிராக்டர் சக்கரத்திலிருந்து விழுந்த களிமண் தார் மேல் படிந்து, தூறல் போட்டதும் எண்ணெய் மாதிரி ஆகிவிடும். திருப்பத்தில் பிரேக்கைப் பிடிக்காமல், திரும்புவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மட்கார்டு அவசியம். என்னோடு வந்த தம்பிக்காக வாடகைக்கு எடுத்த சைக்கிளில் மட்கார்டே இல்லை, கேட்டதற்கு "பார்க்க நன்றாக இருக்காது" என்று பதில். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது சேறாக இருக்கிறது, கழுவக் காசு கொடு என்று நின்றார்கள். எந்தக் கடை என்பது இருக்கட்டும், நீங்கள் வாடகைக்கு எடுக்கும்போது மட்கார்டு, விளக்கு, கழுவும் கட்டணம் மூன்றையும் முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

காற்றைப் பொறுத்தவரை இந்தப் பாதை நமக்குச் சாதகம். இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் காற்று. போகும்போது தெற்கே போகிறோம், உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றைச் சமாளித்துவிடலாம், ஆப்பிள் மூட்டையோடு திரும்பும்போது முதுகில் தள்ளிவிடும். ஈலிக்குப் போனால் இது அப்படியே தலைகீழ்.

தாக்ஸ்டட் வரை நீட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாஃப்ரன் வால்டனிலிருந்து பதினோரு கிலோமீட்டர் போல, ஆனால் மேடும் பள்ளமுமாகப் போகும், பி184இல் வேகமான கார்கள், டெப்டன் பக்கச் சின்னச் சாலைகளில் சுற்றிப் போனால் நிம்மதி. ஊர் அழகை நான் மறுக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டுக் கில்ட்ஹால் மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்கும் கீழ் அடுக்கை விட வெளியே நீண்டிருக்கும், இரும்பும் நிலக்கரியும் கிடைக்காத இந்த ஊரில் கத்தி செய்தே பிழைத்தவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள், 1804இல் கட்டிய காற்றாலை இன்னும் நிற்கிறது, இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1914இலிருந்து 1925 வரை இந்தப் பக்கத்தில் வாழ்ந்தார். ஆனால் கேம்பிரிட்ஜிலிருந்து ஓட்டி வந்த அதே நாளில் சேர்த்தால் சந்தையில் நிற்க நேரம் இருக்காது. ஆட்லி எண்ட் வரை ரயிலில் வந்து, காலையில் சந்தையை முடித்துக்கொண்டு, மதியம் தாக்ஸ்டட் போய், டெப்டன் வழியாக நியூபோர்ட்டில் இறங்கி ரயில் பிடிக்கிறவர்களுக்கு அது சரிப்படும்.

எந்தச் சனிக்கிழமை என்றால், அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதற்கு முன்னால் எதுவானாலும் சரி. மாத நடுவில் மாலை ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும், கடிகாரம் மாறியதும் நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஊரைவிட்டு இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். நவம்பரில் டார்சி ஸ்பைஸுக்காகப் போகிறவர்கள் திரும்புவதை ரயிலில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதமானாலும் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் சார்ஜோடு, கிராமத்துச் சாலைகளில் தெருவிளக்கே கிடையாது. சந்தைக்காரர்கள் மதியத்துக்கு மேல் ஒவ்வொருவராக மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுவார்கள், ரொட்டியும் ஆப்பிளும் வேண்டும் என்றால் பதினொன்றரைக்குள் ஊருக்குள் நுழைந்துவிடுவது போலக் கிளம்புங்கள்.